பீச்சாங்கையில் எழுதிய வீட்டுப்பாடம்

கண்ண மூடிக்கோங்க அக்கா. ஆ, அப்படித்தான். மூஞ்சிக்கு ஃபேஸ் பேக் போட்டாச்சு. இது காயற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூஞ்சியச் சுளிக்கக் கூடாது. வெடிச்சுப் போச்சுன்னா மறுபடியும் மொதல்ல இருந்து பூசோணும். ஏதாச்சும் வேணும்னா கையத் தூக்குங்க. நான் பேசிட்டேதான் இருப்பேன், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு, "பூங்கொடி, நீ பேக் போடறது அவங்க அழகாகறதுக்கு இல்ல. நீ பேசறப்ப யாரும் குறுக்க பேசக் கூடாதுன்னுதான்" அப்படீம்பாரு. கெட்ட எண்ணம் புடிச்ச மனுசன்.

சித்த முந்தி சொன்னீங்களே, பையன வர்ற ஜூன்ல எல்கேஜி சேக்கப் போறேன், இப்பவே ஊட்ல உக்காத்தி வெச்சு எழுதப் பழக்கறேன்னு. அதக் கேட்டதுல இருந்து எனக்கு வாய் நமநமங்குது. நீங்க வெளியூரு. உங்க சொந்தத்துல ஒறம்பரைக் கலியாணத்துக்கு வந்திருக்கீங்க, முடிஞ்சதும் பஸ் ஏறிருவீங்க. உங்ககிட்டச் சொன்னா என்ற மானம் உடுமலையத் தாண்டித்தானே போகும், போகட்டும். இங்க இத யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. அதாவது, கஸ்டமருக சில பேருகிட்டச் சொல்லியிருப்பேன். எல்லாரும் பேக் போட்டவங்கதான்.

எனக்கு ஒரே பொண்ணு. பேரு ரித்விஷா. இந்த எழுத்துல பேரு வெச்சா படிப்புல பிச்சு ஒதறுவான்னு ஒரு நியூமராலஜிக்காரரு சொன்னாரு. படிப்புல பிச்சு ஒதறோணும்னா மொதல்ல தன் பேர எழுதோணுமா இல்லீங்களா? அத அவரும் யோசிக்கல, நானும் யோசிக்கல. ரி-க்கு ஒரு கொக்கி, த்-துக்கு ஒரு புள்ளி, வி-க்கு இன்னொரு கொக்கி, அப்புறம் அந்த ஷா. அந்த ஒரு எழுத்த எழுதறதுக்குள்ள நமக்கே மூச்சு வாங்குது. கூடப் படிக்கறவன் பேரு கவின். பென்சில எடுத்தான், வெச்சான், முடிஞ்சுது. எம்புள்ள பேர எழுதி முடிக்கறதுக்குள்ள அவன் ஒண்ணுக்குப் போயிட்டே வந்துருவான். அங்கயே நாங்க தோத்துட்டோம். தோத்தோம்னு சொல்றேன் பாருங்க! யாரு ஓடுனா, யாரு தோத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே வெளங்கல.

எல்கேஜி விளையாட்டாப் போயிருச்சு. யுகேஜி ஆரம்பிச்சதும் ஸ்கூல்ல எல்லா அம்மாக்களையும் கூப்புட்டு உக்காத்தி, "எழுத்து வராத புள்ளைகள ஒண்ணாவதுக்கு அனுப்ப மாட்டோம், இன்னொரு வருஷம் யுகேஜியிலயே இருக்க வேண்டியதுதான்"னு சொல்லிட்டாங்க. எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. ஏன்னா நான் பத்தாவதுல கணக்குல உக்காந்தவ. அந்த வருஷம் பூரா எங்கம்மா ஊட்டுக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "எங்க பூங்கொடி பெயிலுங்க, காப்பி குடிக்கறீங்களா?"ன்னு ஒரே மூச்சுல கேப்பாங்க. எம்புள்ளைக்கு அந்த நெலம வரக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்றதுல நான் கெட்டிக்காரி. எங்க தப்பு வரும்னா, அதுக்கு அடுத்த வேலைலதான் வரும்.

இந்தக் கவினோட அம்மா நித்யகலா எங்க வீதிதான். யுகேஜி அம்மாக்களுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப்பு இருக்குது. சாயங்காலம் ஆச்சுன்னாப் போதும், இவ மொதல் ஆளா அவ பையன் ஹோம்வொர்க்க போட்டோ புடிச்சுப் போட்டுருவா. கீழ, "என் குட்டி முடிச்சாச்சு". பின்னாடியே மத்தவங்களும் போடுவாங்க. எம்பொண்ணு அந்நேரத்துக்குப் பென்சில் சீவிட்டு இருப்பா. சீவுன தூளு பூவாட்டம் வருதுன்னு அத ஒட்டி வெச்சு ரசிச்சுட்டு இருப்பா. எழுதச் சொன்னா ஒரு எழுத்துக்கு ஒரு கேள்வி. "அம்மா, க ஏன் கையக் கட்டிட்டு நிக்குது? அம்மா, ங-வுக்கு வயிறு பெருசா இருக்குதே, அது பாப்பா வெச்சிருக்குதா?" நான், "கேள்வி கேக்காத, எழுது"ம்பேன். அவ அந்த ங-வுக்கு வலிக்காம மெதுவா எழுதுவா. இங்க குரூப்புல டிங் டிங்குனு போட்டோ வந்துட்டே இருக்கும். எனக்கு ஒவ்வொரு டிங்குக்கும் ரத்தக் கொதிப்பு ஏறும்.

மூஞ்சிய ஆட்டாதீங்க. தாடைக்கிட்ட ஈரமாத்தான் இருக்குது. ஃபேன எச்சு வெக்கறேன் இருங்க.

அப்ப முகூர்த்தம் அடுத்தடுத்து வந்த மாசம். ஒரு நாள் இதே சேர்ல ஒரு கலியாணப் பொண்ணு, பாதி மேக்கப்புல உக்காந்திருக்குது. பாப்பா அந்தா அந்த பெஞ்சுல நோட்டத் தொறந்து வெச்சுட்டே தூங்கிட்டா. ரெண்டு பக்கம் எழுதோணும், ரெண்டு வரிதான் எழுதியிருந்தா. பொண்ணு மண்டபத்துக்குப் போனதும் நோட்ட எடுத்தேன். பாவம், தூங்கற புள்ளைய எழுப்புவானேன்னு நானே எழுத உக்காந்தேன்.

சோத்தாங்கைல ஒரு வரி எழுதுனதும் திக்குனு ஆயிருச்சுங்க. அச்சடிச்சாப்புல இருக்குது. கணக்குத்தான் வரலயே ஒழிய, பத்தாவதுல போர்டுல தேதி எழுதறதே நான்தான். இதக் கொண்டுபோய்க் குடுத்தா மொத வரியிலயே கண்டுபுடிச்சுருவாங்களே! அழிச்சுட்டு, கண்ண மூடி யோசிச்சேன். அப்பத்தான் என்ற தொழில் கைகுடுத்துச்சு. மேக்கப்புல பெரிய வித்தை எது தெரியுங்களா? போட்டதே தெரியாமப் போடறதுதான். பொண்ணப் பாத்தவங்க, "அட, இயற்கையாவே லட்சணமா இருக்குதே"ன்னு சொல்லோணும், அதுதான் நமக்குப் பேரு. பென்சிலப் பீச்சாங்கைக்கு மாத்துனேன்.

அட சாமி, என்ன அழகா வந்துச்சுங்கறீங்க! கோணலு, நடுக்கம், கோட்டத் தாண்டி ஒண்ணு, கோட்டுக்கு எட்டாம ஒண்ணு. அதோட உட்டேனா? ஒரு எடத்துல ரப்பர் போட்டுத் தேச்சு லேசா ஓட்டை பண்ணுனேன். ஓரத்துல சாம்பார்ல வெரலத் தொட்டு ஒரு கறை வெச்சேன். நித்யகலா போட்ட போட்டோல அவ பையன் ட-வ மூஞ்சி திருப்பி எழுதியிருந்தான். ஓஹோ, புள்ளைக எழுத்துன்னா இப்படித்தான் இருக்கோணும் போலன்னு நானும் நாலு ட-வத் திருப்பி உட்டேன். பின்னாடி இங்கிலீஷ் ஹோம்வொர்க்குல பி, டி-யும் அப்படித்தான். தொழில் மேல சத்தியமாச் சொல்றேன் அக்கா, அசல் புள்ள எழுதுனாக்கூட அத்தன அசலா இருக்காது. போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டேன். அன்னைக்கு நித்யகலாவுக்கு முந்தி நான்தான்.

அடுத்த நாள் நோட்டு திரும்பி வந்துச்சு. செவப்பு மைல, "கேன் இம்ப்ரூவ்".

சுருக்குனு இருந்துச்சுங்க. எத்தன பொண்ணுகளுக்கு நெத்தியில ஒரு கோடு பிசகாம வெச்ச கை இது! இம்ப்ரூவ் ஆகோணுமாம். சாயங்காலம் எங்கூட்டுக்காரரு வந்ததும் நோட்டக் காட்டுனேன். அவரு கயித்து மில்லுல வேன் ஓட்டறாரு. மேலெல்லாம் தேங்காநாரோட நின்னுட்டுப் பாத்தாரு.

"யாரு இம்ப்ரூவ் ஆகோணுமாம்?"

"பாப்பாதான்."

"அவதான் நேத்துத் தூங்கிட்டாளே?"

"நீங்க போயி மொதல்ல குளிங்க"ன்னுட்டேன்.

அங்கயாச்சும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. நாலு கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். மத்தியானம் கஸ்டமரு இல்லாத நேரத்துல, இந்தக் கண்ணாடி முன்னால உக்காந்து பீச்சாங்கைல எழுதிப் பழகுனேன். ரொம்ப மோசமா இருந்தா "கேன் இம்ப்ரூவ்". ரொம்ப நல்லா இருந்தா மாட்டிக்குவோம். நடுவுல ஒரு எடம் இருக்குது பாருங்க, அதப் புடிக்கோணும். நாக்கக் கடிச்சுட்டு, கழுத்தச் சாச்சுட்டு எழுதுவேன். நான் பத்தாவதுக்கு இதுல பாதி படிச்சிருந்தேன்னா இந்நேரம் எங்கயாச்சும் ஆபீசுல உக்காந்திருப்பேன்.

ஸ்கூல் விட்டு வந்ததும் பாப்பாவும் பக்கத்துலயே இருப்பா. அவளுக்குத்தான் வேலை இல்லையே. சீப்ப வெச்சுட்டு பொம்மைக்குத் தல சீவிட்டே என்ற நோட்ட எட்டிப் பாப்பா.

"அம்மா, இந்த ட அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குது."

"வேணும்னேதான் போட்டேன். நீ கம்முனு தல சீவு."

"ஞ-வுக்கு உள்ள ஒரு சுழி வரோணும்மா."

"எனக்குத் தெரியும்டி."

"நான் எழுதித் தரட்டுமா?"

"வேண்டாஞ்சாமி, நீ எழுதுனா நேரமாயிரும்."

ஒரு நாளு வந்து என்ற வெரலப் புடிச்சு, பென்சில் மேல நவுத்தி வெச்சா. "இப்படிப் புடிச்சா கை வலிக்காதும்மா, மிஸ் சொன்னாங்க"ங்கறா. அவ கை அத்தன மெத்துனு இருந்துச்சு. எனக்கு என்ன தோணியிருக்கோணும், சொல்லுங்க? ஆகா, எம்புள்ளைக்கு எல்லா எழுத்தும் தெரியுதேன்னு தோணியிருக்கோணுமா இல்லியா? எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவ நைநைங்கறதால கோடு நேராப் போகுதே, சந்தேகம் வந்துருமேன்னு தோணுச்சு. கழுத்துக்கு மேல இருக்கறத நான் மேக்கப் போடறதுக்கு மட்டும்தான் உபயோகம் பண்றேன் போல.

கையத் தூக்குனீங்களா? இல்லியா? ஓ, ஈ உக்காந்துச்சா. சரி, ஓட்டிட்டேன்.

அப்புறம் "ஃபேர்" வந்துச்சு. ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்தப்ப "குட்" வந்துச்சு. பக்கத்துல பளபளன்னு ஒரு ஸ்டார் ஒட்டியிருந்தாங்க. என்ற கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஓடிப்போயி எங்கூட்டுக்காரருக்கு போன் போட்டு, "ஏனுங்க, ஸ்டார் வாங்கிட்டேன்!"னு கத்துனேன். "யாரு வாங்குனது?"ன்னாரு. "வாங்கிட்டா"ன்னு திருத்திக்கிட்டேன். பாப்பா குதிச்சுக் குதிச்சுக் கை தட்டுனா. "சூப்பரும்மா! நான் சொன்னேனல்ல, உனக்கு வரும்னு?" அப்படீன்னா. அவளுக்கு ஸ்டார் கெடச்ச சந்தோசத்துல என்னமோ ஒளர்றான்னு நெனச்சுட்டு, கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். நானும் ஒண்ணு தின்னேன்.

அதுக்கப்பறந்தான் கெரகம் புடிச்சுது. ஸ்கூல்ல இருந்து போன். பாப்பாவோட கிளாஸ் டீச்சர் ஜெசிந்தா மிஸ்தான், நல்ல பொண்ணு, சத்தமாப் பேசக்கூடத் தெரியாது. "ரித்விஷாவோட ஹோம்வொர்க் நோட்டுல எழுத்துகள் பக்கம் மாறித் திரும்பி வருதுங்க. ட மட்டும் இல்ல, இங்கிலீஷ்ல பி, டி எல்லாம். சில குழந்தைங்களுக்கு அப்படி இருக்கும், அது பெரிய விஷயம் இல்ல, ஆனா கோயமுத்தூர்ல ஒரு டாக்டர்கிட்டக் காட்டிடறது நல்லது. ஒண்ணாவது அனுப்பறதப் பத்தியும் யோசிக்கணும். வெள்ளிக்கெழம மீட்டிங்குக்கு அவங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

எந்தப் புள்ளைய யுகேஜியில உக்கார உடக் கூடாதுன்னு இத்தன பாடுபட்டேனோ, அவள நானே புடிச்சு உக்காத்தப் பாத்திருக்கேன். அதுவும் கோயமுத்தூர் டாக்டருகிட்டச் சீட்டு எழுதி வாங்கிக் குடுத்து. அவ எழுதாத எழுத்துக்கு!

உண்மையச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறீங்க, எனக்குத் தெரியுது. பேக்குக்குள்ள உங்க புருவம் ஏறுது. எறக்குங்க. சொல்லலாம்தான். ஆனா நான் வேற ஒண்ணு யோசிச்சேன். நாமதானே இந்த நோவ வர வெச்சோம், நாமளே குணமாக்கிருவோம்னு. அதுவும் ஒரே நாள்ல குணமானா சந்தேகம் வருமல்லங்க? திங்கக்கெழம அஞ்சு ட-வத் திருப்பிப் போட்டேன். செவ்வாக்கெழம நாலு. புதன் மூணு. வியாழக்கெழம ஒண்ணே ஒண்ணு. எந்த டாக்டருகிட்ட மருந்து சாப்புட்டா இத்தன சீக்கிரம் சரியாகும்? எனக்குப் பெருமைகூட வந்துச்சுங்க. இதையும் வெக்கமில்லாம உங்ககிட்டச் சொல்றேன் பாருங்க.

வெள்ளிக்கெழம போனோம். எங்கூட்டுக்காரரு லீவு போட்டுட்டு, ஷேவிங் பண்ணி, கலியாணத்துக்குப் போற சட்டையப் போட்டுட்டு வந்தாரு. யுகேஜி ரூமுல குட்டிக் குட்டிச் சேரு. அவரு அதுல முட்டி காதுக்கிட்ட வர்ற மாதிரி உக்காந்திருந்தாரு. பாப்பா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னா. எங்களுக்குப் பின்னால நித்யகலா, அவ பையன் நோட்ட மடியில வெச்சுட்டுத் தன் முறைக்குக் காத்துட்டு இருந்தா.

மிஸ் ரெண்டு நோட்டத் தொறந்து மேசைல வெச்சாங்க. ஒண்ணு நம்ம நோட்டு. இன்னொண்ணு கிளாஸ்ல எழுதறது. அத ஊட்டுக்குக் குடுத்து உட மாட்டாங்க, ஸ்கூல் பீரோவுலயே இருக்கும். நான் அன்னைக்குத்தான் மொத மொதல்லப் பாக்கறேன். அக்கா, என்னத்தச் சொல்ல! ஒவ்வொரு எழுத்தும் உக்காந்து யோசிச்சு எழுதுனாப்புல இருந்துச்சு. ங-வுக்கு வலிக்காத மாதிரி. பேர வேற பக்கத்துக்குப் பக்கம் மேல எழுதியிருந்தா, அந்த ஷா-வும் சேத்து.

"போன் பண்ணதுக்கு அப்புறம்தான் ரெண்டு நோட்டையும் சேத்து வெச்சுப் பாத்தேன். கிளாஸ்ல ரித்விஷா ரொம்ப நல்லா எழுதறா"ன்னு மிஸ் சொன்னாங்க. "கொஞ்சம் மெதுவா எழுதுவா, ஆனா புரிஞ்சு எழுதுவா. எந்த எழுத்தும் திரும்பறதில்ல. வீட்டுக்குப் போனா மட்டும்தான் இப்படி ஆயிடறா."

சொல்லிட்டு எங்கூட்டுக்காரரப் பாத்தாங்க. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா? சண்டை, சத்தம்... குடிக்கற பழக்கம் ஏதாவது...?"

அந்த மனுசன் டீகூடக் குடிக்க மாட்டாருங்க. பால்தான் குடிப்பாரு, அதுவும் ஆத்தி. மில்லுல அவரப் "பால்பாட்டில்"னுதான் கூப்புடுவாங்க. அவரு என்னயத் திரும்பிப் பாத்தாரு. ஒரு பார்வைதான். செவுத்துல பழங்க படம் ஒட்டியிருந்தாங்க, நான் அன்னாசிப் பழத்தப் பாத்துட்டு இருந்தேன். அத்தன நேரம் அன்னாசிப் பழத்த நான் என்ற வாழ்க்கைல பாத்ததே இல்ல. வாயத் தொறந்து, "மிஸ், அது நான் எழுதுனது"ன்னு சொல்ல எத்தன நேரமாகும்? வரலியே. நித்யகலா பின்னால காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கறாளேன்னு மறுபடியும் அன்னாசிப் பழத்துக்கே போயிட்டேன்.

"இனிமேப் பாத்துக்கறனுங்க மிஸ்"னாரு எங்கூட்டுக்காரரு. கலியாணச் சட்டைல உக்காந்துட்டு, குடிகாரன் சொல்றாப்புலயே சொன்னாரு. அப்ப எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

மிஸ் பாப்பாவக் கிட்டக் கூப்புட்டு, தலையத் தடவுனாங்க. "வீட்ல எழுதறப்ப பயமா இருக்கா கண்ணா?"

பாப்பா நோட்டப் பாத்தா. மிஸ்ஸப் பாத்தா. "இது நான் எழுதுனது இல்ல மிஸ்"னா. "கிளாஸ்வொர்க்தான் நான் எழுதறது. இது அம்மாவோட நோட்டு."

எங்கூட்டுக்காரரு இருமுனாரு. புள்ள நிறுத்தல. வெரல வெச்சு ஒவ்வொண்ணாக் காட்டறா.

"அம்மாவுக்கு இப்பத்தான் எழுத்து வந்துட்டு இருக்கு மிஸ். முன்ன எல்லாம் ட தப்புத் தப்பாப் போடுவாங்க. பாருங்க, இங்க அஞ்சு தப்பு. இங்க நாலு. நேத்து ஒண்ணே ஒண்ணுதான். டெய்லி கடைல உக்காந்து எழுதிப் பாக்கறாங்க மிஸ். கை வலிக்குதுன்னாலும் எழுதறாங்க. திட்டாதீங்க மிஸ். நீங்க செவப்புல எழுதுனீங்கன்னா அழுவாங்க."

மிஸ் டக்குனு அந்தப் பக்கம் திரும்பி பீரோவத் தொறந்தாங்க. எதையோ தேடற மாதிரி தேடுனாங்க. தோளு குலுங்குச்சு. சிரிச்சாங்களா, வேற என்னமான்னு எனக்குத் தெரியல. பின்னால ஒரு சத்தம், ஜிப்பு இழுக்கற சத்தம். நித்யகலா அவ பையன் நோட்டப் பைக்குள்ள வெச்சு மூடிட்டா. அது யாரு எழுதுன நோட்டோ, நான் கேக்கல.

நான் என்ன பண்ணுனேன்னு கேக்கறீங்களா? தலையக் குனிஞ்சுட்டு ஆமாங்கற மாதிரி ஆட்டுனேன். வேற என்னன்னு சொல்ல முடியும்? எழுத்துத் தெரியாதவதான்னு ஒத்துக்கறது ஒண்ணுதான் அந்த எடத்துல எனக்குக் கெடச்ச மரியாதையான வழி.

மிஸ் திரும்பி வந்து உக்காந்தாங்க. மூஞ்சி செவந்திருந்துச்சு. "ரித்விஷா ஒண்ணாவதுக்குப் போலாம். அவளப் பத்திக் கவலையே இல்ல"ன்னாங்க. அப்புறம் என்னயப் பாத்து, மெதுவா, "நீங்க இனிமே பக்கத்துல உக்காந்திருந்தாப் போதுங்க. எழுத வேண்டாம்"னாங்க. எங்கூட்டுக்காரருகிட்ட மட்டும் மூணு தடவ சாரி கேட்டாங்க.

பைக்குல திரும்பி வர்றோம். பாப்பா நடுவுல. நான் பின்னால. அவரு முதுகு கடகடன்னு ஆடுது. கோவத்துல அழுகறாரோன்னு பயந்துட்டேன். பாத்தா, மனுசன் சிரிக்கறாரு. பைபாஸ் வரைக்கும் சிரிச்சாரு. எனக்குத்தான் அழுக வந்துருச்சு. வெக்கமா, எம்புள்ள என்னயப் பத்தி அத்தன நாளும் நெனச்சுட்டு இருந்ததக் கேட்ட சந்தோசமா, என்னன்னு தெரியல, துப்பட்டாவ வாயில வெச்சுட்டு அழுகறேன். பாப்பா கையப் பின்னால உட்டு என்ற முட்டியத் தட்டுனா. "அழுகாதம்மா. எழுத வேண்டாம்னா வர வேண்டாம்னு அர்த்தமில்ல. திங்கக்கெழம நீயும் எங்கூட கிளாசுக்கு வந்துரு. எம்பக்கத்துல எடம் இருக்கு. ஜெசிந்தா மிஸ் நல்லாச் சொல்லித் தருவாங்க, ஒரு தடவக்கூடக் கேள்வி கேக்காதன்னு சொல்ல மாட்டாங்க"ன்னா.

இருங்க, பேக் காஞ்சிருச்சு. ஈரத்துணி வெக்கறேன், தேய்க்காதீங்க. அட, என்னக்கா இது, கண்ணோரமெல்லாம் பேக் கரைஞ்சு கெடக்குது? சிரிச்சதுல வந்ததா? சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேனல்ல. சரி உடுங்க, காஞ்சதுக்கப்பறந்தானே.

இப்ப அவ ஒண்ணாவது. ஹோம்வொர்க் அவளேதான் எழுதறா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கறதுதான் அக்கா ஒலகத்துலயே கஷ்டமான வேலை. நாலு கலியாணப் பொண்ணுகள ஒரே மூச்சுல ரெடி பண்ணிருவேன், இது முடியல. பென்சில் சீவுன தூள இன்னும் ஒட்டித்தான் வெக்கறா. ஒரு எழுத்துக்கு ஒரு கேள்வி இன்னும் கேக்கறா. நான் இப்பெல்லாம் பதில் சொல்றேன். தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்றேன். கையத்தான் தொடைக்கு அடியில வெச்சு அமுக்கிக்குவேன்.

அவ ஹோம்வொர்க் முடிச்சதும் என்ற முறை. ஆமாங்க, எனக்கு டெய்லி பாடம் நடக்குது. கிளாஸ்ல அன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்களோ அத அவ எனக்குச் சொல்லித் தருவா. நான் தப்புத் தப்பா எழுதுவேன், அவ திருத்துவா. நான் அவகிட்ட ஒரு நாளும் காட்டாத பொறுமை அக்கா அது! "பரவால்லம்மா, மறுக்கா எழுது, அவசரமே இல்ல"ம்பா. இத அவ எங்கிட்ட இருந்து கத்துக்கல, அது மட்டும் நிச்சயம். எங்கூட்டுக்காரரு, "அவகிட்ட உண்மையச் சொல்லிரு, போதும் இந்தக் கூத்து"ங்கறாரு. சொல்லிரலாம்னு ஒவ்வொரு நாளும் வாயெடுப்பேன். அவ பக்கத்துல வந்து ஒட்டி உக்காந்து, என்ற வெரலப் புடிச்சு பென்சில் மேல வெப்பா. அப்புறம் எங்க சொல்றது?

உங்க பையனுக்கு என்ன பண்ணோணும்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. நான் சொல்ற யோசனையக் கேட்டு யாரும் உருப்பட்டதில்ல. அவன் எழுதறப்ப பக்கத்துல உக்காருங்க. உங்க கைல எதையாச்சும் குடுத்துக்கோங்க, வெங்காயம் உரிக்கறது, பூக்கட்டறது, எதுவானாலும். கை சும்மா இருந்தா அது பென்சிலுக்குத்தான் போகும்.

அந்தா, ஹாரன் கேக்குதுங்களா? ஸ்கூல் வேன் வந்துருச்சு, பாப்பா உள்ள வந்துருவா. எந்திரிச்சு மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, அடுத்தது மெஹந்திதானே. ரெண்டு கைக்கும் பூ, கொடி, மாங்கா எல்லாம் இப்பவே போட்டு உட்டர்றேன், அது படம், அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா. உள்ளங்கைல வீட்டுக்காரர் பேரு எழுதோணும்னு சொன்னீங்கல்ல, அதுக்கு மட்டும் எடம் உட்டு வெக்கறேன். நாளைக்குக் காலைல, அவ ஸ்கூலுக்குப் போனதுக்கப்பறம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அவ முன்னாடி எனக்கு எழுத வராதுங்க.